பசுமை இல்லம்: யார் செலவில், யார் உழைப்பில்?

2022 அக்டோபர் 20 அன்று குஜராத் மாநிலம் ஏக்தா நகரில், ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் முன்னிலையில், பிரதமர் மோடி ‘மிஷன் லைஃப்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கைமுறை என்பது அப்பெயரின் பொருள். அதற்கு முந்தைய ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அவர் முன்வைத்த கருத்துக்கு இவ்வாறு செயல் வடிவம் தரப்பட்டது. தனிமனிதர்கள் மேற்கொள்ள வேண்டிய 75 செயல்களின் பட்டியலும் வெளியிடப்பட்டது. எல்இடி விளக்குகளைப் பயன்படுத்துங்கள், கடைக்குத் துணிப்பை கொண்டு செல்லுங்கள், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வையுங்கள், பிரஷர் குக்கரில் சமையுங்கள், ஏசியை 24 டிகிரியில் வையுங்கள், சிக்னலில் வண்டியின் எஞ்சினை நிறுத்துங்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இவற்றில் தவறானது என்று எதையும் சொல்லிவிட முடியாது. துணிப்பை நல்லதுதான், குப்பையைப் பிரிப்பதும் நல்லதுதான். ஆனால் 75 செயல்களும் வீட்டை நோக்கியே நீட்டப்படுகின்றன. அந்த வீட்டில் யார் வசிக்கிறார், அவருக்கு என்ன கூலி கிடைக்கிறது, வீட்டு வேலைகளை யார் செய்கிறார் என்ற கேள்விகள் பட்டியலில் இல்லை. விழா நடந்த ஏக்தா நகரே சர்தார் சரோவர் அணையும் 182 மீட்டர் உயரச் சிலையும் எழுந்த இடம். தங்கள் நிலம் பறிபோவதை எதிர்த்து அப்பகுதி ஆதிவாசி மக்கள் நெடுங்காலம் போராடியதை நாடறியும். அந்த மக்களுக்கு இந்தப் பட்டியலில் என்ன இடம் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

நம் தோழர்களிடையே இரண்டு பதில்கள்

வீட்டைப் படிப்படியாகப் பசுமையாக்குவது பற்றிப் பேச்செழும்போது நம் அணிகளுக்குள் இருவிதப் பதில்கள் கேட்கின்றன. முதலாவது: “இதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் மன ஆறுதல். முதலாளித்துவ உற்பத்தி முறை மாறாமல் சுற்றுச்சூழல் காக்கப்படாது. ஆகவே துணிப்பையும் மண்குவளையும் நமக்குத் தேவையில்லை.” இரண்டாவது: “ஒவ்வொருவரும் தம்மை மாற்றிக்கொண்டால் உலகம் மாறிவிடும். வாங்குகிறவர் மாறினால் விற்கிறவரும் மாறித்தானே ஆக வேண்டும்?”

முதல் பதிலின் அடிப்படை சரி, முடிவு பிழையானது. முதலாளித்துவம் மண்ணையும் தொழிலாளியையும் ஒருசேர உறிஞ்சித்தான் வளர்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே எடுத்துக்காட்டினார். ஆனால் அந்த உண்மையைக் காட்டி, இன்று விறகுப் புகையில் இருமும் பெண்ணின் கேள்வியை நாளைக்குத் தள்ளி வைக்க முடியாது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியபோது, புரட்சி வரட்டும் என்று தொழிலாளி வர்க்கம் காத்திருக்கவில்லை.

இரண்டாவது பதில் கேட்க இனிமையானது, அதனால்தான் ஆபத்தானது. ‘கார்பன் தடம்’ என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியதில், பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் நடத்திய விளம்பரப் பிரச்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெய் எடுத்து விற்கும் நிறுவனமே மக்களைப் பார்த்து, “உங்கள் தடம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள்” என்றது. பொறுப்பு உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோரின் தோளுக்கு எவ்வளவு எளிதாக மாற்றப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே வீட்டு மாற்றங்கள் ஒவ்வொன்றையும் நாம் மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும். இதற்கு யார் செலவு செய்கிறார்? யார் உழைக்கிறார்? இதனால் உழைக்கும் குடும்பத்தின் சுமை குறைகிறதா, கூடுகிறதா?

அடுப்பங்கரையில் தொடங்குவோம்

இந்திய வீடுகளில் நிகழக்கூடிய மிகப் பெரிய பசுமை மாற்றம் அடுப்பில்தான் இருக்கிறது. விறகும் சாணி வறட்டியும் எரியும் அடுப்பின் புகை நுரையீரலைக் கெடுக்கிறது. தூய்மையற்ற சமையல் எரிபொருளால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் பேர் இறக்கின்றனர் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை ஒன்றிய அரசே எடுத்துக்காட்டித்தான் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. இணைப்பு வந்தது உண்மை. அடுப்பு தொடர்ந்து எரிந்ததா?

ஐந்து பேர் கொண்ட குடும்பம் முழுக்க எரிவாயுவில் சமைக்க ஆண்டுக்கு எட்டு சிலிண்டராவது வேண்டும். உஜ்வலா பயனாளிகள் 2022-23இல் நிரப்பிய சிலிண்டர்களின் சராசரி அரசின் கணக்குப்படியே 3.71. எஞ்சிய மாதங்களில் என்ன எரிந்தது என்பதைக் கிராமங்களில் பணியாற்றும் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. நகர்ப்புறத்தில் 89.7 சதவீதக் குடும்பங்கள் தூய எரிபொருளில் சமைக்கின்றன என்றும், கிராமப்புறத்தில் 43.2 சதவீதம் மட்டுமே என்றும் அது பதிவு செய்தது.

காரணத்தைத் தேடி மக்களின் ‘மனப்பான்மை’யை ஆராய வேண்டியதில்லை. தில்லியில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 2020 நவம்பரில் 594 ரூபாய். 2023 மார்ச்சில் 1,103 ரூபாய். பொது நுகர்வோருக்கான மானியம் 2020இன் நடுப்பகுதியிலிருந்து நின்றுபோனது. உஜ்வலா பயனாளிகளுக்கு 200 ரூபாய் மானியம் 2022 மே மாதத்தில்தான் வந்தது. 2023 அக்டோபரில் அது 300 ஆயிற்று. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய 2024 மார்ச்சில் விலை 803க்கு இறங்கியது; 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் ஏறியது. விவசாயக் கூலிப் பெண்ணுக்கு ஒரு சிலிண்டர் என்பது பல நாள் கூலி. அதையும் ஒரே தவணையில் கொடுத்தாக வேண்டும். விறகோ அவளது உடலுழைப்பைத் தவிர வேறு விலை கேட்பதில்லை. அவள் பசுமைக்கு எதிரானவள் அல்ல. பசுமையின் விலை அவளது கூலிக்கு எட்டவில்லை.

எல்இடி விளக்கு சொல்லும் பாடம்

அதே நாட்டில், அதே காலத்தில், இன்னொரு மாற்றம் ஏழைகளின் குடிசை வரை சென்றது. குண்டு பல்பின் இடத்தில் எல்இடி வந்தது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால், ஒரு விளக்கிலேயே மாதம் ஏழு யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது? மின்துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய ஈஈஎஸ்எல் நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக விழுந்தது. மின் கட்டணத்தோடு சேர்த்துச் சிறு தவணையில் செலுத்தும் வசதியும் தரப்பட்டது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகிக்கப்பட்டன.

விளம்பரமோ அறிவுரையோ இந்த விலையை இறக்கவில்லை. பொதுக் கொள்முதல் இறக்கியது. வாங்குவோர் கோடிக்கணக்கான தனித்தனி வீடுகளாகச் சந்தையில் நின்றிருந்தால் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அரசு ஒரே கையாக நின்று வாங்கியபோது இரண்டே ஆண்டுகளில் முடிந்தது.

அடுத்த பொருளில் இந்த வேகம் ஏன் தொடரவில்லை என்பதுதான் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி மோட்டார் பொருத்திய விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் ஓடினால் ஒரு விசிறியில் 162 யூனிட் மிச்சமாகும். ஆனால் அதன் விலை சாதாரண விசிறியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பல்புத் திட்டத்தின் கீழேயே விற்கப்பட்ட சிக்கன மின்விசிறிகள் சுமார் 23 லட்சம் மட்டுமே. 36 கோடி எங்கே, 23 லட்சம் எங்கே! கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அதைப் பெற முதலில் சொந்தக் கூரை வேண்டும். வாடகை வீட்டில் வாழும் ஆலைத் தொழிலாளிக்கும், தகரக் கொட்டகையில் தங்கும் புலம்பெயர் தொழிலாளிக்கும் அந்த மானியம் எட்டாது.

ஷாம்பு பாக்கெட்டும் குப்பை வண்டியும்

2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சில நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. உறிஞ்சுகுழல், தட்டு, கோப்பை, கரண்டி, பிளாஸ்டிக் குச்சி கொண்ட காதுக் குடுமி ஆகியவை அப்பட்டியலில் உண்டு. சோதனைக்கு வந்த அதிகாரிகள் தள்ளுவண்டிக் கடைக்காரர்களிடம் அபராதம் வசூலித்தனர். பெரு நிறுவனங்கள் கோடிக்கணக்கில் சந்தையில் கொட்டும் பல அடுக்குப் பாக்கெட்டுகள் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஷாம்பு, சிப்ஸ், சலவைத்தூள் பாக்கெட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பிளாஸ்டிக்கும் பிற படலங்களும் ஒட்டிய இவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். பழைய பொருள் கடைக்காரரும் வாங்குவதில்லை.

அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் பாக்கெட்டை வாங்குவது அறியாமையால் அல்ல. கையில் மாதச் சம்பளம் இல்லாதபோது மாதத்துக்கான பாட்டிலை வாங்க முடியாது. ஆகவே பாக்கெட்டைத் தவிருங்கள் என்று சேரிக்குச் சென்று பிரச்சாரம் செய்வது நம் வேலையாகாது. நியாய விலைக் கடையிலும் கூட்டுறவு அங்காடியிலும் எண்ணெய், சோப்புத்தூள் போன்றவற்றை அவரவர் பாத்திரத்தில், வேண்டிய அளவு, சில்லறையாக அளந்து தர ஏற்பாடு செய் என்று கோருவதே நம் வேலை. நம் பாட்டிமார் காலத்துப் பலசரக்குக் கடையில் எண்ணெய் அப்படித்தான் விற்றது.

குப்பையைப் பிரித்துத் தருவது இன்னொரு விஷயம். அதற்குச் செலவில்லை, அதன் பயன் நேரே தொழிலாளிக்குச் செல்கிறது. உணவுக் கழிவும் உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய நாப்கினும் ஒரே பையில் கட்டி வீசப்படும்போது, அதை வெறுங்கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். அவர் எந்தச் சமூகப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதையும் நாம் அறிவோம். ஒரு வீட்டில் இரண்டு தொட்டிகள் வைப்பதைச் சுற்றுச்சூழல் ஒழுக்கம் என்று மட்டும் கருத வேண்டாம். சாதிய இழிவோடு பிணைக்கப்பட்ட உழைப்பில் ஒரு பகுதியைக் குறைக்கும் செயல் அது. இதில் தோழர்களின் வீடுகளுக்கு விலக்கு இருக்க நியாயமில்லை.

கேரளத்தின் ஆலப்புழை இதற்கு ஒரு வழியைக் காட்டியது. நகரத்தின் குப்பையைச் சர்வோதயபுரத்தில் கொட்டுவதை அக்கிராம மக்கள் எதிர்த்து நின்றனர். அதன்பின் 2012இல் வீட்டளவிலும் வார்டளவிலும் உரமாக்கும் முறை தொடங்கப்பட்டது. குழாய் உரத்தொட்டியும் சாண எரிவாயுக் கலனைப் போன்ற சிறு கலன்களும் வீடுகளுக்கு மானிய விலையில் சென்றன. பின்னர் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில் ஹரித கர்ம சேனை உருவாயிற்று. குடும்பஸ்ரீ பெண்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வீடாகச் சென்று மக்காத குப்பையைச் சேகரிக்கின்றனர். புனேயில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்கள் 1993இல் சங்கமாகத் திரண்டனர். அச்சங்கத்திலிருந்து எழுந்த ‘ஸ்வச்ச’ கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து இப்பணியை நடத்துகிறது.

இவற்றின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பை மேடு பற்றியெரிந்து, நகரமே பல நாட்கள் புகையில் மூச்சுத் திணறியது. அதே ஆண்டு ஜூலையில், பரப்பனங்காடி நகராட்சியின் ஹரித கர்ம சேனைப் பெண்கள் 11 பேருக்கு லாட்டரியில் பத்துக் கோடி ரூபாய் விழுந்தது, நாடே மகிழ்ந்தது. அந்த 250 ரூபாய்ச் சீட்டை வாங்க 11 பேர் கைக்காசைச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பசுமைக்காக உழைப்போரின் வருமானம் அந்த நிலையில் இருந்தது. அவர்களுக்கு நியாயமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் பெற்றுத் தராத பசுமை முழுமையான பசுமை ஆகாது.

பசுமையின் பெயரால் மற்றொரு சுமை

2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வு நம் அனைவர் வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டியது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்கள். 2024இல் மீண்டும் ஆய்வு நடந்தபோது அந்த எண்கள் 289, 88 என்றாயின. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இடைவெளி அப்படியே நிற்கிறது.

இந்த நிலையில், துணி நாப்கினைத் துவைப்பது, குப்பையைப் பிரிப்பது, உரத்தொட்டியைக் கிளறுவது, பாத்திரம் எடுத்துச் சென்று பொருள் வாங்குவது, சீயக்காய் அரைப்பது என ஒவ்வொரு ‘பசுமைப் பழக்கமும்’ வீட்டுக்குள் நுழையும்போது, அது யாருடைய 299 நிமிடங்களில் சேர்கிறது? மேடையில் பருவநிலை நெருக்கடி பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்பும் தோழர், குப்பைத் தொட்டியைத் தொடாமல் செய்தித்தாளை விரித்தால், அவர் வீட்டில் பசுமை வரவில்லை. மனைவிக்கு வேலை கூடியிருக்கிறது. வீட்டில் புதிதாகச் சேரும் எந்தப் பசுமை வேலையும் ஆண் தோழர்களின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று கிளைகள் விவாதித்து முடிவு செய்யலாம். அது எளிய விதி. அதை நிறைவேற்ற எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

சுமையையும் செலவையும் குறைக்கும் மாற்றங்கள் முதலில் வர வேண்டும். பருப்பையும் பயறையும் ஊறவைத்துச் சமைப்பதும், பாத்திரத்தை மூடி வேகவைப்பதும் எரிவாயுவை மிச்சப்படுத்தும். சிலிண்டர் சில நாட்கள் கூடுதலாக வரும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980களிலேயே புகை குறைந்த அடுப்பைப் பரப்பியது. ‘சூடாறாப்பெட்டி’யையும் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. கொதித்த அரிசிப் பானையை, வெப்பம் வெளியேறாதபடி அமைத்த அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினால், மேலும் எரிபொருள் இன்றியே சோறு வெந்துவிடும். எரிபொருளும் மிச்சம், அடுப்படியில் நிற்கும் நேரமும் மிச்சம். மக்கள் அறிவியல் இயக்கம் பசுமையை அணுகிய முறை இதுதான்.

அடுத்து, பழுதாகும்போது மாற்ற வேண்டியவை. ஓடிக்கொண்டிருக்கும் விசிறியையும் உடையாத வாளியையும் எறிந்துவிட்டுப் ‘பசுமை’ முத்திரையிட்ட புதியதை வாங்குவது சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யாது, விற்பவருக்கே நன்மை. இருப்பதைப் பழுது பார்த்துக் கடைசி வரை பயன்படுத்துவதும், மாற்றும் நாள் வரும்போது நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்குவதும் போதும். பொருளின் மீது எழுதியிருக்கும் ‘இயற்கை’, ‘சுற்றுச்சூழல் நண்பன்’ போன்ற சொற்களை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. இத்தகைய பொய்யுரிமை கோரல்கள் பெருகியதால்தான் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2024 அக்டோபரில் அவற்றைக் கட்டுப்படுத்த வழிகாட்டு நெறிகளை வெளியிட நேர்ந்தது.

மூன்றாவது வகை, வீட்டால் மட்டும் இயலாதவை. குடிநீரை எடுத்துக்கொள்வோம். வீட்டு ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் நீர் தர ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியேற்றுகிறது. அந்த நீரைப் பிடித்துத் தரை துடைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கருவி வீட்டுக்குள் வந்ததே பொதுக் குழாயின் மீது நம்பிக்கை போனதால்தான். நம்பத்தக்க குடிநீர் தெருக்குழாயில் வருவதே உண்மையான பசுமை. பேருந்தும் அவ்வாறே. இரு சக்கர வண்டியை விடச் சொல்லும் முன்பு நேரத்துக்குப் பேருந்து வர வேண்டும்.

நமது கோரிக்கைகள்

ஒன்றிய அரசு மக்களிடம் 75 செயல்களைக் கேட்கிறது. 2020 ஜூனில் 41 நிலக்கரித் தொகுதிகளைத் தனியார் வணிகச் சுரங்கங்களுக்கு ஏலம் விடத் தொடங்கியதும் இதே அரசுதான். சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில் 2023 டிசம்பரில் சுரங்க விரிவாக்கத்துக்காக மரங்கள் வீழ்ந்தன. அதே ஆண்டு நிறைவேறிய வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் காட்டு நிலங்களுக்கான காப்பைத் தளர்த்தியது. சராசரி அமெரிக்கரின் கார்பன் உமிழ்வில் சராசரி இந்தியரின் பங்கு ஆறில் ஒன்றுக்கும் சற்றே குறைவு. அந்த இந்தியச் சராசரிக்குள்ளும் அரண்மனை உண்டு, குடிசை உண்டு. குடிசையிடம் சிக்கனம் கேட்பவர்கள் அரண்மனையிடம் எதுவும் கேட்பதில்லை.

ஆகவே நம் பகுதிகளில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஏழைக் குடும்பங்களுக்குச் சிலிண்டர் அவர்களது கூலிக்கு எட்டும் விலையில், ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும். எல்இடி விளக்குக்குச் செய்த பொதுக் கொள்முதலையும் தவணை முறையையும் மின்விசிறிக்கும் மின் அடுப்புக்கும் நீட்டிக்க வேண்டும். வாடகைக் குடியிருப்புகளும் அரசு அடுக்குமாடிகளும் பொதுக் கூரையில் சூரிய மின்சாரம் பெற வேண்டும். பல அடுக்குப் பாக்கெட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனங்களே அவற்றைத் திரும்பப் பெறும் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். குப்பை சேகரிப்போரின் வாழ்வாதாரத்தைப் பறிக்கும் தனியார் ஒப்பந்தங்கள் கைவிடப்பட வேண்டும்.

தோழர்களே, வீட்டில் ஒரு மாற்றம், தெருவில் ஒரு கோரிக்கை என்று இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்வோம். இரண்டு தொட்டி வைத்துக் குப்பையைப் பிரிக்கும் குடும்பம் தூய்மைப் பணியாளர் சங்கத்தின் போராட்டத்திலும் நிற்கட்டும். எரிவாயுவை மிச்சம் பிடிக்கும் தோழர், பக்கத்துத் தெருவில் சிலிண்டர் வாங்க முடியாமல் விறகுக்குத் திரும்பிய குடும்பங்களைக் கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கு அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறட்டும்.